பத்து போல்ட்டும் ஒரு சாவியும்

"இந்த இன்ஜினை யார் ஒழுகாம மூடுறாங்களோ, அவங்க கையிலதான் இனிமே வண்டிச் சாவி!"

இயற்பியல் வாத்தியார் இப்படிச் சபதம் போட்டது போன மாதம். சாட்சி, அவர் மனைவியும் பக்கத்து வீட்டு மெக்கானிக்கும். பழைய காரில் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் மூடியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் தகடு, போயிருந்தது. இருபது வருஷமாக உராய்வைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், பத்து போல்ட்டுக்காக இன்னொருவர் கையை எதிர்பார்ப்பதா?

சபதத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மனைவி, தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மேற்பார்வையாளர். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. திங்கட்கிழமையிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றல். பஸ்ஸென்றால் இரண்டு மாறவேண்டும். சாவியைக் கேட்டாள். "நானே கொண்டுபோய் விடறேன்" என்றார். அவர் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டால் அவள் தினமும் அரைமணி நேரம் தாமதமாகத்தான் போவாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் மற்ற எல்லாம் அவள் பொறுப்பு. அவர் கையில் மிஞ்சியிருந்தது அந்தச் சாவி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் தான் எதற்கு என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது. அதனால்தான் அவள் ஏறும்போதெல்லாம், "கதவை மெதுவா சாத்து, வண்டி பழசு" என்று தவறாமல் சொல்வார்.

முதல் முயற்சி மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் நாலு போல்ட் தலையைச் சுற்றித் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

மெக்கானிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "போல்ட் மரைக்கு என்ன சார் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே. சுத்தமா துடைச்சு, காய வச்சு மாட்டினேன். எண்ணெய் போட்டா வழுக்கும். வழுக்கினா கழண்டுடும். உராய்வுதானே போல்ட்டைப் பிடிச்சு வைக்குது?"

மெக்கானிக் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் முயற்சி. அட்டையில் பத்துத் துளை போட்டு, எந்த போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ அப்படியே வரிசையாகக் குத்தி வைத்தார். ஒவ்வொன்றும் துடைத்த வெள்ளி மாதிரி மின்னியது. புது கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஏங்க, அந்தக் கையோடயா சாப்பிட உட்காரப் போறீங்க? குளிச்சுட்டு வாங்க."

குளித்துச் சாப்பிட்டுத் திரும்பியவர் அலறினார். "யாரு இது! போல்ட்டெல்லாம் எண்ணெய்!"

"டின் கவுந்துடுச்சுங்க."

"நாலுல வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு!"

"பைப் வேலைக்கு வச்சிருந்த பசை டியூப். அதுவும் பட்டுடுச்சு போல."

"போல என்ன போல! ஒரு மணி நேரம் துடைச்சிருக்கேன்!"

"கோவிச்சுக்காதீங்க. எல்லாத்தையும் கழுவி, காய வச்சு, நாளைக்கு சாயங்காலம் மாட்டுங்க. நான் பஸ்ல போய்க்கறேன்."

நாளை மாலை! இன்று மாலையே வண்டி ஓடும் என்று மெக்கானிக்கிடம் மார்தட்டியாயிற்று. வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே மாட்டினார். இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் 'டக்' என்று குரல் கொடுக்கும் ஸ்பேனர் அது. போன தடவை கிரீச் கிரீச்சென்று கத்தி, தோள்பட்டையைக் கழற்றியது. இந்தத் தடவை வழுவழுவென்று சுற்றி, அளவு வந்ததும் டக்கென்று நின்றது. அவருக்குச் சந்தேகம் வர வேண்டிய இடம். கர்வம்தான் வந்தது.

சாயங்காலம் இன்ஜினை ஒரு மணி நேரம் ஓடவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பார்த்தீங்களா?" என்று வேலியோரம் நின்று சத்தம் போட்டார். "மரைக்கு எண்ணெய், நாலுக்கு மட்டும் பசை. எல்லாம் அனுபவம்!"

"அருமை சார். எந்த நாலுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வாத்தியார் குனிந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார்.

மனைவிதான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னாள். "இன்ஜின்ல போல்ட் இறங்கற பத்து ஓட்டைலயும் கம்பி விட்டுப் பார்த்தேன் அண்ணா. ஆறுல தட்டி நின்னுச்சு. நாலுல நிக்காம உள்ள போய் ஈரமா வந்துச்சு. அப்ப அது தண்ணி ஓடற இடம். மரை வழியா மேல ஏறாம இருக்க அதுக்குப் பசை. மத்ததுக்கு மரையில துளி எண்ணெய். பத்துக்கும் தலைக்கடியில எண்ணெய். காஞ்ச போல்ட்டுன்னா நம்ம பலத்தையெல்லாம் உராய்வே தின்னுடும். ஸ்பேனர் டக்குன்னும், ஆனா ஹெட் சரியா அமுங்கியிருக்காது. எங்க பம்ப் ஹவுஸ்ல தினம் பண்றதுதானே?"

"டின் கவுந்துதுன்னு சொன்னியே?" என்றார் வாத்தியார் மெல்ல.

"போடுங்கன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?"

மாட்டார். அது அவருக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. தன் சாவிக்காக அவளைத் தினமும் தாமதமாகப் போக வைக்கப் பார்த்தோமே என்று அதைவிட வலித்தது. சாவியை அவராகவே எடுத்து நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டு வாங்கினாள்.

மறுநாள் காலை, அவளுடைய நேரத்துக்கு, அவர்தான் முதலில் தயாராக நின்றார். பள்ளி வாசலில் அவரை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அந்த வண்டியில் முதல்முறையாக இடதுபக்கம் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்தார்.

"மெதுவா சாத்துங்க," என்றாள் அவள். "வண்டி பழசு."