தலை கழன்ற உப்புத் தொழிலாளியும் ஜுமானாவின் பத்து விநாடியும்

வாழ்க, கற்பிட்டிக் கரையின் கண்மணி, விரல் நடுங்கா வீராங்கனை, விநாடிக்குப் பன்னிரண்டாக நூற்றிருபது படம் பிடிக்க விரதம் பூண்ட ஜுமானா! கடலே, ஒலி அடக்கு! காகங்காள், கரையாதீர்! கச்சான் காற்றே, கதவுக்கு அப்பால் கைகட்டி நில்!

கொழும்பு விளம்பரப்பட நிறுவனமொன்று, 'பத்து விநாடிக் குறும்படமொன்றை இன்று மாலை ஐந்துக்குள் அனுப்புக. பிடித்தால் வேலை' என மின்னோலை விடுத்திருந்தது. ஈராண்டாக வேலையின்றி வாடிய நம் தலைவி, சாப்பாட்டு மேசையெனும் பேரரங்கில் வெள்ளை விளையாட்டுக் கட்டைகளால் உப்புமலை எழுப்பி, நீலக் காட்போட் மட்டையால் வானம் சமைத்து, சுண்டுவிரலினும் சிறிய பிளாஸ்டிக் தொழிலாளியை ஓர் உப்பு மூட்டையோடு அதன்முன் நிறுத்தி, அவன் கையை எள்ளளவு உயர்த்துவதும், மூச்சடக்குவதும், போனில் ஒரு படம் எடுப்பதும், மறுபடி எள்ளளவு உயர்த்துவதுமாக, யன்னல் அடைத்து, மின்விசிறி துறந்து, வியர்வைக் கடலில் விடிந்தது முதல் நீந்தித் தொண்ணூற்றாறாம் படத்தை எய்தினாள்.

"சோறு வைக்கணும், மேசைய விடு புள்ள!" என்று அகப்பை ஏந்தி முழங்கினாள் அவள் உம்மா அஸீஸா.

"உயிர் போனாலும் மேசை போகாது உம்மா!" என்று சூளுரைத்தாள் மகள்.

அவ்வேளை, உப்பள வெயிலில் வெந்து, நடக்கும் அடுப்பென நுழைந்தான் அவள் நானா றிஸ்மின். "என்ன புள்ள, வீடு பாண் சுடுற போறணை மாதிரி இரிக்கி!" என்றவாறே விசிறியின் சுவிட்சைத் தட்டினான்.

அந்தோ! சுழன்றது விசிறி, சரிந்தது வானம், வானம் விழ மலை சிதறி, மலை சிதறத் தொழிலாளியின் தலை கழன்று, களிறு கண்ட புரவிபோல் உருண்டோடி அலுமாரிக்கு அடியில் மறைந்தது.

"தலை கொண்ட நானாவே, தலை தராம உனக்குச் சோறு இல்ல!"

தங்கையின் பிரகடனம் கேட்டு விசிறியை நிறுத்திய றிஸ்மின், வயிற்றால் ஊர்ந்து, கூட்டும் தும்புத்தடியே வேலாகத் தூசிப்படை துளைத்தான். "பல்லி முட்டைதான் இரிக்கி... இல்ல, கெடச்சிட்டு!"

கிடைத்தென்ன? கலைந்த மலையை எள் பிசகாமல் மீட்டெழுப்ப இயலாது. முதலிலிருந்து தொடங்கப் பொழுதும் இல்லை. ஜுமானாவின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணில், தலை போயும் சாயாமல், தூக்கிய கை தூக்கியபடி நின்ற தொழிலாளி தென்பட்டான். அழவந்தவள் சிரித்துவிட்டாள்.

"நானா, தலைய அவன்ட காலடியில வை. வானத்தப் புடி. மூச்சு விடாத!"

சிதறிய உப்பில், படம் படமாக, தன் தலையைத் தானே தடவித் தேடி, எடுத்துப் பின்பக்கமாக மாட்டி, திடுக்கிட்டு முன்பக்கம் திருப்பி, ஒன்றுமே நடவாதவன்போல் மூட்டையைத் தூக்கினான் அம்மாவீரன். இரு கையாலும் வானம் தாங்கிய றிஸ்மினும், அகப்பையால் இலையான் ஈக்களை ஓட்டிய அஸீஸாவும், பசி மறந்து காவல் நிற்க, நூற்றிருபதாம் படமும் வசமானது. ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் பத்து விநாடியும் கொழும்பு நோக்கிப் பறந்தது.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.