கெட்டில் விழுந்த நாள்

"எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்துன்னா எப்படிண்ணே?" கைப் பயிற்சி மையத்தின் தெரபிஸ்ட், அவர் மார்க் போட்ட தாளைப் பார்த்து நெற்றியில் கை வைத்தாள். "குளியல் பத்து, தூக்கம் பத்து, மனசு பத்து. மேலாளர் பார்த்தா, ஆள் குணமாயிட்டார், இந்த வாரத்தோட பயிற்சியை நிறுத்துன்னுடுவார்."

சுமைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மார்க் போட்டது அவளுக்கு. மூட்டை சரிந்து நசுங்கி விறகுக்கட்டையாகக் கிடந்த வலது கையை, விரல் விரலாக எழுப்பி உட்கார வைத்தவள் அவள். முதுகில் சுமை ஏற்றிவிடுகிறவனை அவர் தொழிலில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"மார்க் எனக்கில்லண்ணே. உங்க வாழ்க்கைக்கு."

"அப்படியா? எல்லாத்தையும் முட்டையாக்கிடும்மா."

முட்டையைப் பார்த்த மேலாளர் நேரே கூடத்துக்கே வந்துவிட்டார். இடது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்காமலே அதிகாரம் பண்ணும் மனிதர்.

"இத்தனை மாசத்துல ஒண்ணுமே தேறலையா? அப்ப இவரை வேற தெரபிஸ்ட்கிட்ட மாத்து."

"ஐயோ சார், இந்தம்மா தங்கம்!"

"தங்கம்னா ஏன்யா முட்டை?"

மேலாளர் தெரபிஸ்ட் பக்கம் திரும்பினார்.

"பேச்சு வேணாம். டீ போட்டுக் காட்டச் சொல்லு."

கூடத்தின் மூலையில் பயிற்சிக்கென்றே ஒரு சமையல் மேடை. எரியாத அடுப்பு, கெட்டில், டம்ளர்கள். பக்கத்தில் ஒரு பெண், துடைப்பானை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரே கையால் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுமைக்காரர் கணக்குப் போட்டார். நன்றாகச் செய்தால் சீட்டுக் கிழிந்துவிடும். சொதப்பினால் தெரபிஸ்டுக்குக் கெட்ட பேர். ஆக, தூக்குவதை ஒழுங்காகத் தூக்குவோம், அது அவளுக்கு. இறக்கும்போது போட்டுவிடுவோம், அது நமக்கு.

நிறையத் தண்ணீர் பிடித்தார். சிந்தாமல் தூக்கினார். தெரபிஸ்ட் முகம் மலர்ந்தது. அடுப்புக்கு மேலே போனதும், "ஐயோ, வழுக்குதே!" என்று விரலை விட்டார்.

அந்தக் கையை அவள் அத்தனை நன்றாகப் பழக்கியிருந்தாள். கெட்டில் தரையைத் தொடும் முன்பே, அவரைக் கேட்காமல் பாய்ந்து போய்ப் பிடித்துவிட்டது. தண்ணீர் முழுக்க மேலாளர் மேல். ஈரத்தில் வழுக்கிய மேலாளர் மேசையைப் பற்றினார். பையை விட்டு வெளியே வந்த இடது கையில் இரண்டே விரல்கள்.

"வேணும்னேதானே போட்டீர்?"

சுமைக்காரர் கெட்டிலை மேடையில் வைத்தார். இனி மறைத்து என்ன?

"ஆமா சார். கை நல்லாயிடுச்சு, இந்தம்மா புண்ணியம். ஆனா மூட்டைக்கு இனி என்னைக் கூப்பிட மாட்டாங்க. வீட்டுல பேசறதுக்குச் சுவருதான். இங்கே வந்தா, கை வராதவங்களுக்குச் சட்டைப் பட்டன் போட்டு விடுவேன், நாலு பேர் சிரிப்பாங்க. இங்கே வர்ற நாள் பத்து சார். மத்த நாள் முட்டை."

தெரபிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலாளர் சட்டையைப் பிழிந்தார்.

"இப்பதான் ஒழுங்கா மார்க் போட்டிருக்கீர். நாளைக்குக் காலையில வந்து என்னைப் பாரும்."

"எதுக்கு சார்? விசாரணையா?"

சிந்திய தண்ணீரைத் துடைக்க வந்த அந்தப் பெண் சிரித்தாள்.

"பதறாதீங்கண்ணே, இங்கே வேலைக்கு ஆள் எடுக்கறதே இப்படித்தான். போன வருசம் அந்தக் கெட்டிலைப் போட்டது நான். எனக்கு முன்னாடி நம்ம மேலாளர்."