ஏழ்மதில் நாட்டின் மூடிய சட்டம்

ஏழு மதில்களுக்கு உள்ளே இருந்ததால் அந்த நாட்டுக்கு ஏழ்மதில் என்று பெயர். அதிகாரிகளைக் கண்டால் தலை குனிந்து நிற்பது அந்நாட்டு மக்களின் பரம்பரை மரியாதை. குழந்தைகள் நடக்கப் பழகும்போதே குனியவும் பழகிவிடுவார்கள்.

ஒருநாள் அமைச்சர் மார்த்தாண்டர் சபையில் ஒரு பேருண்மையை வெளியிட்டார். சட்டம் என்னவென்று தெரிவதால்தான் மக்கள் அதில் சந்துபொந்து தேடுகிறார்கள். தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் பயந்து ஒழுங்காக இருப்பார்கள் என்றார். மன்னர் குணவீரருக்கு மெய்சிலிர்த்தது. அன்றே அமைச்சர் ஓலையில் புதிய சட்டம் எழுதிப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரையிட்டார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதும் குற்றம் என அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதால், நீதிபதிக்கும் அது தெரியக் கூடாது என்று விளக்கமும் வந்தது.

மக்கள் முதலில் சீட்டியடிப்பதை நிறுத்தினார்கள். பிறகு குடை பிடிப்பதை. கல்யாணங்கள் மேளமில்லாமல் நடந்தன. அப்படியும் சிறை நிரம்பியது. சட்டம் நன்றாக வேலை செய்கிறது என்றார் அமைச்சர்.

சந்தையில் ஆப்பக்கடை வைத்திருந்த செண்பகவடிவின் கணவன் திருமேனியையும் பிடித்துப் போனார்கள். தேங்காய் வாங்கப் போன மனுஷன். பௌர்ணமியன்று கைதிகளை ஏழாவது மதிலுக்கு வெளியே தள்ளிவிடுவது வழக்கம். வெளியே போனவர் எவரும் திரும்பியதில்லை. தன் கணவன் செய்த குற்றம் என்ன என்று அவள் நீதிபதியிடம் கேட்டாள். அது தெரிந்தால் தானும் திருமேனி பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்று சொல்லி நீதிபதி அவளை அனுப்பிவிட்டார்.

காவலர் தலைவர் பூவலிங்கம் தினமும் அவள் கடையில்தான் ஆப்பம் தின்பார்.

"உங்களுக்காவது சட்டம் தெரியுமா, அண்ணாச்சி?"

"எனக்கு எங்கே தெரியும், தங்கச்சி? தப்பு செஞ்சவன் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிவான். குனிஞ்சவனைப் பிடிச்சுட்டு வந்திடுவோம். இதுவரைக்கும் ஒருத்தனும் அநியாயமா மாட்டினதில்லை."

"என்ன தப்புன்னே தெரியாது. அப்புறம் அநியாயமா மாட்டலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

பூவலிங்கம் தட்டை நீட்டினார். இன்னொரு ஆப்பம் கேட்டார்.

அன்று ஆப்பம் வாங்கியவர்களிடமெல்லாம், தேங்காய்ப்பால் ஊற்றும்போதே விஷயத்தையும் சொன்னாள் செண்பகவடிவு. மறுநாள் சந்தையே நிமிர்ந்து நின்றது. பழக்கத்தை விட முடியாத ஒருவர் கழுத்தில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். காவலர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பௌர்ணமியன்று கைதிகளை வெளியேற்றுவதைக் காண மன்னர் வந்தார். அமைச்சர் வழக்கம்போல மூக்கு முழங்காலில் இடிக்கும்படி குனிந்தார். பல நாளாக ஆள் கிடைக்காமல் தவித்த பூவலிங்கம், கடமை தவறாமல் அவரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தினார்.

"நான் செய்த குற்றம்தான் என்ன?" என்றார் அமைச்சர்.

"அதைக் கேட்பதும் குற்றம் என்று தாங்கள்தானே அறிவித்தீர்கள்?" என்றார் நீதிபதி.

கூட்டம் சிரித்தது. இவரையும் சேர்த்து வெளியே தள்ளுங்கள் என்று குரல்கள் எழுந்தன. செண்பகவடிவு முன்னால் வந்தாள்.

"வேண்டாங்கய்யா. இவரை இப்படி அனுப்பினா, என் வீட்டுக்காரரை அனுப்புறதும் சரின்னு ஆயிடும். என்ன குற்றம்னு சொல்லாம யாரையும் தண்டிக்கக் கூடாது. அமைச்சரய்யாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். பெட்டியைத் திறங்க."

வாழ்நாளில் முதன்முறையாக அமைச்சர் ஒரு குடிமகள் சொன்னதை வழிமொழிந்தார். சீக்கிரம் திறக்கும்படி கெஞ்சவும் செய்தார்.

அரக்கு உடைந்தது. நீதிபதி உரக்கப் படித்தார். சட்டம் ஒரே வரிதான்: அதிகாரிகளின் முன் தலை குனியாதவர் குற்றவாளி.

நீதிபதி கைதிகளைப் பார்த்தார். குனிந்ததற்காகப் பிடிபட்டவர்கள், நாட்டிலேயே சட்டத்தை மீறாதவர்கள் அவர்கள்தான். பிறகு சந்தைக் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் குற்றவாளிகள். சட்டத்தைக் கேட்ட பிறகும் ஒரு தலைகூடத் தாழவில்லை.

"ஒரு நாடே ஏற்காததைச் சட்டம் என்று எழுதிவைக்கலாம், சட்டமாக்க முடியாது" என்று சொல்லி, ஓலையைக் கிழித்துப்போட்டார் நீதிபதி. மன்னர் காவலர்களைப் பார்த்தார். காவலர்கள் மன்னரை நேருக்கு நேர் பார்த்தார்கள்.

சிறைக்கதவு திறந்தது. வெளியே வந்த திருமேனி, பூவலிங்கத்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் குனிந்தார். செண்பகவடிவு அவர் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"நிமிருங்க. ஊரே பார்க்குது."

அன்று மாலை சந்தையில் மேளம் கேட்டது. எழுதும் சட்டத்தை முச்சந்தியில் படித்துக்காட்டிய பிறகே அமலாக்க வேண்டும் என்பது இப்போது அங்கே நடைமுறை. குனிகிற ஆள் கிடைக்காமல் மன்னர் கொஞ்சம் சிரமப்படுகிறார். அமைச்சரவையில் மட்டும் தட்டுப்பாடு இல்லை என்று கேள்வி.