இரண்டு கார்புரேட்டர், ஒரு தாம்பூலம்

"இயந்திரத்தின் திறந்த வாயில் அடைத்த துணியை எடுத்த பிறகே மூட வேண்டும். எடுத்துவிட்டதை இரண்டாவது ஆள் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்." ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இந்த விதி இன்றும் சுவரில் தொங்குகிறது. எழுதியவன் நான். தரக்கட்டுப்பாட்டில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. வீட்டிலும் விதிகள் இருக்கும், கீழ்ப்படியத்தான் ஆள் இருக்காது. என்னையும் சேர்த்து.

போன வருஷம் என் மகள் சுகன்யா, கூட வேலை பார்க்கும் மஞ்சுநாத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். இரண்டு வீடும் சம்மதித்தால்தான் என்பதையும் அவளே சொன்னாள். பையன் வீடு ஆனேக்கல் பக்கம், கன்னடக் குடும்பம். முதலில் நாங்கள் போனோம். பையனின் அம்மா என் மனைவிக்குத் தாம்பூலத்தோடு பச்சை ரவிக்கைத் துணி ஒன்று வைத்துக் கொடுத்தார். அப்பாவோ என் பழைய இரட்டை சிலிண்டர் பைக்கைப் பற்றி என் மகள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். வாலிபத்தில் அவரும் அதே வண்டி ஓட்டியவராம். இப்போதும் ஓடுகிறதா என்று ஆசையாகக் கேட்டார்.

பல வருஷமாக உறை போட்டு நின்ற வண்டி. "ஓடுதே," என்றேன்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன ஆனி மாத ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை ஓட வைத்தாக வேண்டும். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவினேன். மாட்டும்வரை இஞ்சினின் இரண்டு வாயையும் எதையாவது வைத்து அடைக்க வேண்டும். பட்டறையில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டில் நூல் பிரியும், ஆகாது. பீரோவில் தாம்பூலத் துணிகள் அடுக்காக இருந்தன. (இந்தத் துணிகளை யாரும் தைப்பதில்லை. கொஞ்ச நாள் இளைப்பாறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடும்.) மேலாக இருந்ததை எடுத்து இரண்டாகக் கிழித்து, வாய்க்கு ஒன்றாகத் திணித்தேன்.

ஞாயிறு காலை மாட்டினேன். இடது பக்கத் துணியை எடுத்து, கார்புரேட்டரை ரப்பருக்குள் தள்ளி, கிளாம்ப்பை முறுக்கினேன். வலது பக்கத்துக்கு வரும்போது இரண்டாவது ஆள் வேண்டும் என்ற விதி ஞாபகம் வந்தது. மனைவியைக் கூப்பிட்டு, அந்த விதி ஏன் முக்கியம் என்று விளக்கிக்கொண்டே மாட்டினேன்.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. கேசரி அடி பிடிக்குது," என்று சமையலறையிலிருந்தே பதில் வந்தது.

பார்க்காமல் ஒப்புக்கொண்டவர்களுக்கு ஆயுள் முழுக்க மெமோ கொடுத்தவன் நான். அன்று அதை ஏற்றுக்கொண்டேன். விருந்தினர் முன்னால்தான் முதல் உதை என்று சோதனை ஓட்டத்தையும் ரத்து செய்தேன்.

வந்தார்கள். வாசலில் நின்றார்கள். உதைத்தேன், உதைத்தேன், வேட்டி அவிழ உதைத்தேன். ஒருவழியாக வண்டி பிடித்தது, ஒற்றைக் காலில் நொண்டுகிறவன் மாதிரி. பழைய ஆயிலின் வெள்ளைப் புகை வீட்டுக்குள் போய்க் கேசரிமேல் உட்கார்ந்தது. மஞ்சுநாத்தின் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

அப்போதாவது அணைத்துவிட்டுக் காபி குடித்திருக்கலாம். நான் வலது சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை, அந்தப் பக்கம் எரியவே இல்லை. குறையைக் கண்டுபிடிக்கும் முறைபற்றி வருங்காலச் சம்பந்திக்கு ஒரு சிற்றுரை ஆற்றியபடி வலது கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே இரண்டு விரலை விட்டு, வித்தைக்காரன் மாதிரி இழுத்தேன்.

பச்சைத் துணி. பெட்ரோல் சொட்டச் சொட்ட, சிவப்புக் கரையோடு.

"இது நாவு கொட்ட ரவிக்கெ அல்வா?" என்றார் அந்த அம்மாள், மெதுவாக. நாங்கள் கொடுத்த ரவிக்கைத் துணி அல்லவா இது, என்று புரிந்துகொள்ள எனக்குக் கன்னடம் தேவைப்படவில்லை.

 கிளம்பும்போது மஞ்சுநாத்தின் அப்பா, தங்கள் பக்கம் நல்ல காரியம் பேசாத ஆஷாட மாதம் வருகிறது, அது போனதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார். வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று மஞ்சுவுக்கும் தெரியவில்லை என்றாள் சுகன்யா.

"கல்யாணம் நின்னா, அந்தத் துணியிலயே எனக்கு ஒரு கர்ச்சீப் வெட்டிக் குடுங்க. அழறதுக்கு ஆவும்," என்றாள் மனைவி.

காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அமாவாசையோடு அவர்கள் ஆஷாடம் முடிந்தது. போன் வரவில்லை. ஆடிப்பெருக்கு வந்து போனது. நாமே கேட்டுவிடலாமா என்றாள் சுகன்யா. பதில் முறைப்படி வரட்டும் என்றேன்.

"உங்க முறைப்படி ஒண்ணு செஞ்சு பார்த்தாச்சேப்பா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வண்டிக்கு மறுபடி உறை போட்டேன்.

கடைசியில் மஞ்சுவின் அப்பாவே கூப்பிட்டார். "எங்க ஆஷாடம் எப்பவோ முடிஞ்சுபோச்சு சார். உங்களுக்கு ஆடி ஓடிட்டிருந்துச்சு. ஆடியில நல்ல சேதி சொன்னா உங்க வீட்டம்மாவுக்குச் சங்கடமா இருக்கும்னு இவ பொறுக்கச் சொன்னா. எங்களுக்குச் சம்மதம்." பின்னாலிருந்து அந்த அம்மாள் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். "நிச்சயத்துக்கு ரெண்டு துணி வைக்கிறாளாம். ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு இஞ்சினுக்கு."

இன்றும் எந்த விசேஷமானாலும் சம்பந்தி வீட்டுத் தாம்பூலத்தில் இரண்டு துணி வருகிறது. என் பங்கை என் கையிலேயே கொடுக்கிறார்கள், எல்லோரும் பார்க்க.

அந்த போன் வந்தது ஆவணி ஒன்றாம் தேதி.