வேஷ நோயாளி

"யாருன்னு முன்கூட்டியே சொல்ல மாட்டோம். சாதாரண நோயாளி மாதிரி ஒருத்தர் உங்ககிட்ட மருந்து விஷயமா கேப்பாங்க. எங்க மாணவியை நீங்க எப்படிப் பயன்படுத்துறீங்கன்னு பாத்துட்டு எங்களுக்குச் சொல்லுவாங்க. இன்னிக்குத்தான்," என்று சொல்லிவிட்டுக் கல்லூரிப் பேராசிரியர் போனை வைத்தார்.

மருந்துக்கடைக்காரர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். பயிற்சிக்கு வந்த மாணவி அப்போதுகூட ஏணியில் நின்று இருமல் மருந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. கல்லூரிக்கு இது தெரிந்தால் இனி ஒருவரையும் அனுப்பாது. அப்புறம் பழையபடி ஒண்டி ஆளாக நின்றுகொண்டே மதியச் சாப்பாடுதான்.

"ஏம்மா, இறங்கு. அந்தத் துணியைத் தூக்கிப் போடு. இனிமே வர்றவங்களுக்கு மருந்து விளக்கம் நீதான் சொல்ற."

"வந்த நாளா நானும் அதைத்தான் சார் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அதான் குடுத்துட்டேன்ல."

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, தலை பிளக்குது. பிரஷர் மாத்திரையோட வலி மாத்திரையும் சேத்துப் போடலாமா?"

"இருக்கறதுல ஒண்ணைப் போட்டுட்டுப் படு. இங்க தலைக்கு மேல வேலை," என்று வைத்துவிட்டார்.

முதலில் வந்தவர் இருமினார். இருமிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் குறிக்கிறாராம். இவர்தான் வேஷ நோயாளி என்று கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

மாணவி வேண்டியதைக் கேட்டு, எத்தனை வேளை குடிப்பது என்று சொல்லி, மருந்தை நீட்டினாள். கடைக்காரர் பாட்டிலைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

"அதுக்குள்ளயா? இருமல் ஏன் வருதுன்னு ஆதியோட அந்தமா சொல்லும்மா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்றார் இருமல்காரர்.

"பரவால்ல, நல்லாக் கேளுங்க."

பஸ் கண்ணெதிரே போயிற்று. இருமல்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது. வாய் இவ்வளவு மோசமானவரைக் கல்லூரி அனுப்பாது என்று கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, வருகிறவர்கள் எல்லாருக்கும் முழு விளக்கம் கொடுத்துவிட்டால் தப்பே நடக்காது என்று உத்தரவு போட்டார். வரிசை வாசலைத் தாண்டி, பக்கத்துத் தையல்கடையையும் அடைத்தது. தையல்காரர் சண்டைக்கு வந்தார். அவருக்கும் இடுப்புவலி பற்றி விளக்கம் கிடைத்தது.

மறுபடி மனைவி. "எந்த மாத்திரைன்னாவது சொல்லுங்களேன்."

"சாமி, உயிரை வாங்காத," என்று வைத்தார்.

அடுத்து ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வந்தார். கடைக்காரர் முகம் மலர்ந்தது. கண்ணடித்தார்.

"சும்மா சொல்லக்கூடாது சார், தத்ரூபமா வீங்க வெச்சிருக்கீங்க. உள்ள என்ன, பஞ்சா?" என்று கேட்டு, விரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

அந்த அலறலில் வரிசை கலைந்தது. மாணவி ஓடி வந்து பல்வலிக்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, பல் டாக்டரிடம் போக வழி சொன்னாள். இதற்குள் போன் மூன்றாம் முறை அடிக்க, அவளே எடுத்தாள்.

"எத்தனை நாளா வலிம்மா? பிரஷர் பாத்தீங்களா? சில வலி மாத்திரை பிரஷரை ஏத்திடும், பாக்காம எதையும் போடாதீங்க. வீட்டுல இருக்கற மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டு இங்கயே வந்துடுங்க."

"அது எங்க வீட்டம்மா. அவகிட்ட போய் ஏம்மா நேரத்தை வீணாக்குற?" என்று எரிந்து விழுந்தார் கடைக்காரர்.

கடை சாத்தும் நேரம். வேஷ நோயாளி யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கடைக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மனைவி ஜம்மென்று உள்ளே வந்து, மாணவி கையில் ஒரு பெரிய சாக்லேட்டை வைத்தாள்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்றார் அவர், பேருக்கு.

"எனக்கு ஏதுங்க தலைவலி? பேராசிரியர் கேட்டுக்கிட்டாரேன்னு போன் பண்ணேன். வருஷா வருஷம் கண்டிப்பா ஒரு மாணவியை அனுப்புங்க, எங்க வீட்டுக்காரருக்குப் பயிற்சி பத்தலன்னு சொல்லிட்டேன்."