மறுகாலுக்குத் தாவிய மண்

ஓட்டக்காரி தன் அறைத்தோழிக்குத் தர வேண்டிய கடன் நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். அந்தப் பணம் இரும்பு வளையமாகி அவளுடைய இடது கணுக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது. தோழி போட்டிகளில் இரும்புக் குண்டு எறிகிறவள். விடுதிக்கே அவள் குண்டக்கா.

மண்நீக்கி மகான் வருகிறார் என்றால் விளையாட்டு விடுதி வராந்தா கொள்ளாது. கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது. மகான் நோய்க்குப் பேர் வைத்துவிட்டார்: மண்பிடி. ஊர் மண் காலைப் பிடித்து இழுக்கிறதாம், அவர் விற்கும் இரும்பு வளையத்தைக் காலில் மாட்டினால் விட்டுவிடுமாம். மண்ணுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். காத்திருப்போர் உட்கார, மனநல ஆலோசகர் அறை நாற்காலிகளைப் பயிற்சியாளரே தூக்கிவந்து போட்டார். அங்கேதான் யாரும் போவதில்லையே. போனால் பைத்தியம் என்பார்கள். காலில் இரும்பு மாட்ட வரிசையில் நிற்பவர்கள் தெளிவானவர்கள்.

சனிக்கிழமை தேர்வு ஓட்டம். தோற்றால் ஓட்டக்காரிக்கு விடுதி இடம் போகும், படிப்பும் போகும். ஊரில் முதலில் வந்தவள் இங்கே கடைசியில் வருகிறாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே கால் மரத்துவிடுகிறது. வளையம் போட்ட பிறகும் மரத்தது.

"மண்ணு மறுகாலுக்குத் தாவிடுச்சும்மா. இன்னொண்ணு போடணும்" என்றார் மகான்.

ஓட்டக்காரி மறுபடி கடன் கேட்டாள்.

"மண்ணு உன்னைவிட வேகமா ஓடுதேடி" என்றாள் குண்டக்கா. "இரு, நானும் வர்றேன்."

மகானின் சோதனை எல்லாருக்கும் தெரிந்தது. கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி அமுக்குவார், கை சரியும். வளையத்தைப் பிடித்துக்கொண்டு நீட்டினால் அசையாது. கூட்டம் வாயைப் பிளக்கும். குண்டக்கா அவர் விரலைப் பார்த்தாள். வளையம் இல்லாதபோது விரல் மணிக்கட்டில் அமுக்கியது. வளையம் வந்ததும் முழங்கை தாண்டித் தோள் பக்கம் போய்விட்டது.

ஓட்டக்காரியின் மணிக்கட்டில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். வளையத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"இந்தப் புள்ளியில அமுக்குங்க சாமி."

"மை பட்டா சக்தி நிக்காதும்மா."

"நீல மையா, கறுப்பு மையா? அழிச்சுட்டு வேற வைக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். மகான் அமுக்கவில்லை. குண்டக்கா தானே அமுக்கக் கையை நீட்டினாள். "உன் கை குண்டு எறியுற கை, நீ அமுக்கக் கூடாது" என்றார் பயிற்சியாளர். வரிசையிலேயே ஒல்லியானவளைக் குண்டக்கா கூப்பிட்டாள். அவள் இரண்டு விரலால் புள்ளியில் அமுக்க, வளையம் பிடித்த கை சரிந்தது. வளையத்தை வாங்கிவைத்துவிட்டுத் தோள் பக்கம் அமுக்க, கை அசையவில்லை.

"கதவை ஓரத்துல தள்ளினா திறக்கும், கீல் பக்கம் தள்ளினா திறக்காது. இதுக்கு ஒரு மகான் வேணுமா?"

"நானும் ரெண்டு வாங்கினேனே" என்று முனகினார் பயிற்சியாளர்.

வாசலை மறித்துக் குண்டு எறிகிற பிள்ளைகள் நின்றார்கள். மகான் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்த வேகத்துக்கு அவரையே தேர்வு ஓட்டத்துக்கு அனுப்பலாம்.

"அப்ப எனக்கு என்னதான்க்கா?" என்றாள் ஓட்டக்காரி.

"எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவங்க அந்த ரூம்ல நாற்காலி இல்லாம நிக்கிறாங்க."

ஓட்டக்காரி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆலோசகர் அறைக்குப் போனாள்.

"கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினே?" என்று கேட்டார் ஆலோசகர். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. பதிலுக்கு முன்னால் அழுகைதான் வந்தது.

ஓட்டத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொன்னார் ஆலோசகர். இரண்டு வளையம் வாங்கிய பயிற்சியாளர் அன்றே தள்ளிவைத்தார். ஓட்டக்காரி குண்டக்காவின் கையில் பணத்தை வைத்தாள். கடன் தீர்ந்தது.

கால் ஓடவில்லை என்று காலில் இரும்பு கட்டினோமே, கழுத்துக்கு மேலே இருப்பதை எப்போது ஓடவிடப் போகிறோம்?