பச்சை முகத்துச் செல்வி

மந்தைவெளியில் மனைவியிடம் அதிகத் திட்டு வாங்கியவருக்கு விருது என்று ஒன்று இருந்தால், எங்கள் மாடியில் குடியிருக்கும் ‘பச்சை’ சாரைத் தவிர வேறு யாரும் அதன் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. ஓவியர். நவீன ஓவியர் என்பதால் கூடுதல் திட்டு.

அவர் வரைந்ததெல்லாம் ஒரே ஆளைத்தான்: மனைவி செல்வியக்காவை. அக்கா பட்டினப்பாக்கத்துக்காரர், மார்க்கெட்டில் மீன் விற்பவர். படத்தில் அவருக்கு இலைப் பச்சையில் முகம், முழ நீளக் கழுத்து, காதுவரை ஓடும் கண்கள். தெருக்காரர்கள் சாருக்குப் ‘பச்சை’ என்று பெயர் வைத்தது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

“யோவ், இன்னாய்யா கழுத்து இது? ஒட்டகச்சிவிங்கியா நானு?” என்று அக்கா கத்துவது கீழே எங்கள் சமையலறை வரை கேட்கும்.

“கூடையத் தலையில வெச்சுக்கினு நீ படியேறி வர்றப்ப எனக்கு அப்டித்தான் தெரியுது.”

“மூஞ்சி ஏன் பச்சையா கீது?”

இந்தக் கேள்வி வந்ததும் சார் தூரிகையைக் கழுவப் போய்விடுவார்.

ஒருமுறை அடுத்த தெருவில் ஒரு அதிகாரி, தன் அறுபதாம் கல்யாணத்துக்குத் தன்னை வரையச் சொன்னார். மீசை, வழுக்கை எல்லாம் சரியாகவே வந்தன. பச்சைகூட இல்லை. ஆனால் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவை செல்வியக்காவின் கண்கள். அதிகாரியின் மனைவி வெகுநேரம் பார்த்தார்.

“இதை ஆத்துல மாட்டிண்டா, தினம் யாரோ ஒருத்தி என்னை முறைச்சுண்டே இருப்பா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

“எனக்கு வேற கண்ணு வரல சார். முயற்சி பண்ணேன்” என்றார் பச்சை என்னிடம்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும் என்றார் அக்காவின் தம்பி. வீடு முழுக்கத் தேடினோம். செல்போனை நீட்டினாலே முகத்தை மூடிக்கொள்கிற பெண்மணி; கிடைத்த படங்களில் எல்லாம் கைதான் இருந்தது. ஆதார் அட்டைப் படத்தைப் பச்சை ஒத்துக்கொள்ளவில்லை.

“இது அவ இல்ல” என்று சொல்லிவிட்டுச் சுவரிலிருந்து ஓவியத்தைக் கழற்றினார்.

“வேணாம் மாமா. ஊரே சிரிக்கும்” என்றார் தம்பி.

பச்சை கேட்கவில்லை. ஓவியத்தை அணைத்துக்கொண்டு பிளெக்ஸ் கடைக்கு நடந்தார். படம் நனையாமல் குடை பிடித்தபடி நானும் போனேன்.

தெருமுனையில் பச்சை முகமும் நீளக் கழுத்துமாக அக்கா ஏறி நின்றார். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து மீன்காரப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பேனரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

“செல்விதான்டி” என்றார் ஒருவர். “வெலயக் கொறச்சுக் கேட்டா இப்டித்தான் பாப்பா.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பச்சை, அப்போதுதான் நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

இப்போது அவர் வரைவதில்லை. ஒருமுறை கேட்டேன். “யார வரையறது சார்?” என்றார். சாயங்காலமானால் கடற்கரைப் பக்கம் தனியாக நடக்கப் போகிறார். திரும்பி வந்து அவர் படியேறும் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.